சின்னான் குரல்

கோச்சடை, மதுரை
3 ஆகஸ்ட் 2025

மாப்ள விக்ரம்,

ஒரு தபால் உறை வாங்க இரண்டு கடை ஏறி இறங்கினேன். எல்லாம் உன் புண்ணியம். என் எண்ணை பிளாக் செய்தாய். ரோகிணி போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் அவள் எண்ணையும் பிளாக் செய்தாய். பொண்டாட்டி முன்னால் மானம் போனது. இந்த முகவரியைக் கொடுத்தது நம் உக்கிரபாண்டி அண்ணன். மைக் செட் கடையை மூடிவிட்டு, பரவை மார்க்கெட்டில் மகனுடைய தக்காளி மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். வருடம் தவறாமல் அவருக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை போடுகிறாயாமே. எனக்கு ஒன்றும் வந்ததில்லை. அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

அண்ணனைப் பார்த்த அன்று மூன்று மணி நேரம் உன் பேச்சுத்தான். வேனில் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் படுத்துக்கொண்டு சோழவந்தான், சமயநல்லூர், அலங்காநல்லூர் என்று கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கப் போவோமே, அதெல்லாம் பேசினோம். ஆட்டக்காரர்களுக்கு நாம் வைத்த பட்டப்பெயரை இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நீ கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்வேன். ஆட்டம் சப்பென்று இருந்தாலும் கூட்டம் கலையாது. சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவில் சாலையில், தொலைந்துபோன பிள்ளைகளை மைக்கில் அறிவித்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் பதினேழு பிள்ளைகள். அதில் ஒருத்தி உன் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்று பெற்ற அம்மாவையே உதைத்தாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதக் கூட்டத்தில் நான் பேசியதில் ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி எவனோ பரப்பிவிட்டான். அதைத்தான் நீ பார்த்திருப்பாய். "அன்னைக்கு நம்ம தெருமுக்குல நின்னு, அய்யாவோ, தண்ணி வந்திருச்சு சாமியோன்னு கூப்பிட்டவய்ங்க, இன்னைக்கு ஆபீஸ்ல சேர் போட்டு உக்காந்துக்கிட்டு நம்மள வெளிய நிக்கச் சொல்றாய்ங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. ஒரு பெயர் சொன்னேனா? ஒரு சாதி சொன்னேனா? மேடையில் நாலு வார்த்தை காரமாகப் பேசாவிட்டால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். உனக்குத் தெரியாததா?

ஆனால் உன் தங்கச்சி பாண்டிமீனா போலீஸில் மனு கொடுத்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலராக இருக்கும் தன்னையும், கண்மாய் மடை திறந்து உங்களை வளர்த்த சின்னானையும், உங்கள் காலனி ஆட்களையும் நான் கேவலப்படுத்தினேனாம். விசாரணை நடக்கிறது. வரப்போகும் சட்டமன்றத் தேர்தலுக்கு எங்கள் கட்சிப் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. மனு நிற்கிறவரை அறிவிக்கமாட்டோம் என்கிறார்கள். பதினைந்து வருடம் கத்திக் கத்தி வந்த இடம் மாப்ள இது.

வக்கீல் ஒரு வழி சொன்னார். 2002 பொங்கல் கபடியை அண்ணன் கேசட்டில் பிடித்தார் அல்லவா, அதில் "அய்யாவோ" என்று முதலில் கூப்பிடுவது நீ. "சின்னான் குரல், சின்னான் குரல்" என்று கூட்டம் கேட்கக் கேட்க நீதான் திரும்பத் திரும்பப் போடுகிறாய். உன்னிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். சின்னான் மகனே மைக்கில் செய்த விளையாட்டு என்று தெரிந்தால் மனு நிற்காதாம். கேசட்டை நீ எடுத்துப்போனதாக அண்ணன் சொன்னார். அதையும் உன் கைப்பட நாலு வரியும் அனுப்பி வை. உன் தங்கச்சி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விவரம் தெரியாமல் செய்துவிட்டது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அருள்பாண்டி


இடார்சி பக்கம், மத்தியப் பிரதேசம்
16 ஆகஸ்ட் 2025

அருள்பாண்டிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் கையில் கிடைத்த குரல் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். என் குரலையும் கொடுப்பதாக இல்லை.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் இந்த ஊரில் தமிழ் பேச ஆள் கிடையாது. ஜூன் கடைசியில் ஒரு நாள், சிக்னலுக்காக எங்கள் ஸ்டேஷனில் ஒரு தெற்கத்தி ரயில் நின்றது. நம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் காற்று வாங்க இறங்கினார்கள். ஒருவர் போனில் எதையோ போட்டார். பத்தடி தூரத்தில் பச்சைக் கொடியோடு நின்ற நான், இத்தனை தூரம் தள்ளி என் அப்பாவின் குரலைக் கேட்டேன். ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், திரும்பிக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் அந்த நாலு பேரும் சிரிப்பது கேட்டது. ரயிலை அனுப்பிவிட்டு வந்து உன் எண்ணை அடைத்தேன்.

உன் கடிதத்தில் எழுதிய இடத்திலெல்லாம் வெறும் சின்னான் என்றே எழுதியிருக்கிறாய். அவருக்கு எழுபத்தாறு வயது. உன் அப்பாவை நான் இன்றைக்கும் மலையாண்டி அய்யா என்றுதான் எழுதுவேன். ஆறு வயதிலேயே நீ என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய், அது அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் தப்பாகப் படவில்லை. நீ என்னை மாப்ள என்றதெல்லாம் பரவை பஸ் ஸ்டாப் தாண்டிய பிறகுதான். ஊருக்குள் நுழைந்துவிட்டால் உனக்கு நான் வெறும் விக்ரம். இதையெல்லாம் அப்போதே கணக்கில் எடுத்திருந்தால் நமக்கு ஒரு கபடிப் போட்டிகூட மிஞ்சியிருக்காது. எடுக்காமல் இருந்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஏன் அப்படிக் கூப்பிட்டார் என்று உன் கூட்டத்துக்குச் சொன்னாயா? மடை திறந்தால் இன்றைக்கு யார் வயலுக்குத் தண்ணீர் என்று அவர் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவுக்குள் அவர் வரக்கூடாது. முக்கில் நின்றபடி கடைசி வீடு வரைக்கும் கேட்கவைக்க வேண்டும். அந்த "வோ" அத்தனை நீளமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆரம்பித்தது நான்தான். மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பையன்கள் என்னைப் பார்த்து "சாமியோ" என்பார்கள். அவர்கள் சிரிப்பதற்கு முன் நானே மைக்கில் சிரிக்கவைத்துவிட்டால் அது என்னுடைய வித்தை ஆகிவிடும், அப்புறம் யாரும் அதை வைத்து என்னை அடிக்க முடியாது என்று நினைத்தேன். பத்தொன்பது வயதுப் புத்தி. ஊரே கைதட்டியது. உன்னையும் சேர்த்துக்கொண்டேன். மண்டிகளுக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று நீ அந்த "வோ"வை இழுத்துப் பழகியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவைப் போல் நான் இருமிக் காட்டிய இடத்தில் நீயும் இருமினாய்.

பாண்டிமீனா விவரம் தெரியாமல் மனு கொடுத்தாளா? அவள் ஆபீசுக்குப் பட்டா விஷயமாக மூன்று பேர் வந்தார்கள். ஒரு தாள் குறைகிறது, அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறாள். ஒருவன் போனை அவள் மேசைமேல் வைத்து உன் பேச்சைப் போட்டான். இன்னொருவன், "கையெழுத்து வந்திருச்சு சாமியோன்னு எங்க தெருமுக்குல வந்து சொல்லுங்க, நாங்க வந்து வாங்கிக்கிறோம்" என்றான். வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் காலனி ஆள் ஒருவரும் சேர்ந்து சிரித்தார். மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டவள் அதற்குத்தான் அழுதாள்.

கேசட் என்னிடம் இருக்கிறது. பெட்டியின் அடியில், அம்மாவின் புகைப்படத்தோடு. போட்டுக் கேட்க இங்கே கருவி இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். உன் தேர்தலுக்காக என் தங்கை கொடுத்த மனுவை நான் ஒடிக்கமாட்டேன். அனுப்ப முடியாது.

விக்ரம்


கோச்சடை
30 ஆகஸ்ட் 2025

விக்ரமுக்கு,

மாப்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பரவை பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து எழுத வேண்டியிருக்கிறதே.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். மாவட்டச் செயலாளர் பேசும்போதுகூட இத்தனை கவனமாகக் கேட்டதில்லை. பாண்டிமீனா ஆபீசில் நடந்தது எனக்குத் தெரியாது. அந்த மூன்று பேரும் யார் என்று விசாரிக்கிறேன். ஆனால் எவனோ செய்ததற்கு என்னை எப்படிக் குற்றவாளி ஆக்குவாய்?

நீயாகத்தான் பழைய கணக்கை எடுத்தாய், அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். 2004ல் ரயில்வே பரீட்சை எழுதத் திருச்சிக்குப் போனோம். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். எங்கள் வீட்டில் சொல்லாமல்தான் தின்றேன், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ எழுதுவாய். ரிசல்ட் வந்தபோது உன்னைவிட எனக்கு மூன்று மார்க் கூட. வேலை உனக்கு வந்தது. மதுரை ஜங்ஷனில் உனக்கு மாலை போட்டு ரயில் ஏற்றியது நான். அந்த மூன்று மார்க்கைப் பற்றி இருபத்தொரு வருடம் நான் வாய் திறந்ததில்லை. இப்போது எழுதிவிட்டேன். அடிக்கப்போவதில்லை.

நீ போன பிறகு நான் என்ன ஆனேன் என்று நீ கேட்டதே இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத மைக்கில் நான் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்ட ஆளுக்குப் பக்கத்தில் நின்று தள்ளுபடி கத்தினேன். அப்பா வயலை விற்றுவிட்டார். அங்கே இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறது. நீ பெருமையாகச் சொல்கிற கண்மாய் முழுக்கக் கருவேலமரம். இருபத்தெட்டு வயதில் எனக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. "மைக் பிடிக்கிறவனுக்கா" என்பார்கள். அப்போதுதான் இந்தக் கட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் எனக்குத் துண்டு போட்டார்கள். என் பேருக்கு முன்னால் ஒரு பட்டம் சேர்த்தார்கள். அந்த மரியாதையை எனக்கு வேறு எவன் கொடுத்தான்?

அந்தக் குரல் எப்படி மேடைக்கு வந்தது தெரியுமா? நான் யோசித்துச் செய்யவில்லை. பேச்சு எடுபடவில்லை, ஜனங்கள் எழுந்துகொண்டிருந்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. எழுந்தவனெல்லாம் உட்கார்ந்தான். நாம் பழகிய வித்தை என்னைக் காப்பாற்றியது, அம்புட்டுத்தான்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 2002 பொங்கல் அன்று உன் அப்பா அங்கே இருந்தார். டியூப் லைட் கட்டிய கம்பத்துக்குப் பின்னால் தலையில் துண்டோடு நின்றார். நீ குரல் போட்டபோது நான் பார்த்துவிட்டேன். உன்னிடம் சொன்னால் நிறுத்திவிடுவாய், கூட்டம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது, அதனால் சொல்லவில்லை. கடைசிவரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் என்னைப் பார்த்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற மகன் செய்தபோது வலிக்காதது நான் செய்தால் மட்டும் வலிக்குமா? அவரிடமே கேட்டுப்பார்.

அருள்பாண்டி


ஊரிலிருந்து
5 அக்டோபர் 2025

அருள்,

லீவு போட்டு வந்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வந்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டாலும் உன் கடிதத்துக்காகத்தான் வந்தேன்.

முதலில் அந்த மூன்று மார்க். அது எனக்கு அன்றைக்கே தெரியும். நெட் சென்டரில் இரண்டு பேர் ரிசல்ட்டையும் பார்த்தவன் நான்தானே. நீ சொல்வாய் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமல் எனக்கு மாலை போட்டாய், இவனல்லவா நண்பன் என்று ரயிலில் உட்கார்ந்து அழுதேன். நடவு நாட்களில் நீ டியூஷனுக்குப் போனாய், நான் அப்பாவோடு மடைக்குப் போனேன். அந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மார்க்குக்கு மேலேயே வரும். இந்தப் பதிலை இருபத்தொரு வருடமாக நானும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன்.

இப்போது அப்பா. வந்த அன்று கேட்க முடியவில்லை. மறுநாள் காலையில் கண்மாய்ப் பக்கம் நடக்கப் போனோம். நீ சொன்ன கருவேலமரம் உண்மைதான், ஆனால் மடைப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. அங்கே நின்று கேட்டேன், பொங்கல் கபடிக்கு வந்தீர்களா என்று. ஆமாம் என்றார். "ஒன் பேரு மைக்குல வருதுன்னு சொன்னாய்ங்க. கேக்கலாம்னு வந்தேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஏதோ சொன்னேன். அவர் மடைக்கல்லைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர் உங்கள் தெருமுக்கில் கூப்பிட்டதே இல்லை, அருள். உனக்குத் தெரியுமா? ஒரு தண்டவாளத் துண்டை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கீழ்மடைக்கு ஒரு தட்டு, மேல்மடைக்கு இரண்டு தட்டு. நீயும் நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்திருக்கிறோம். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டில் தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அம்மா மூன்று மாதம் சுக்குத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். சாகும்வரை அவளுக்கு விஷயம் தெரியாது.

ஆக, வலித்தது. என்னால்தான் முதலில் வலித்தது. நீ கேட்ட கேள்விக்கு அது பதில்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். உன் வீடியோவை டீக்கடையில் யாரோ காட்டியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். கோபமா என்று கேட்டேன். கோபம் இல்லை, பயம் என்றார். "நீ கூப்பிட்டப்ப சிரிச்சாய்ங்க. சிரிச்சுப்புட்டு வீட்டுக்குப் போயிட்டாய்ங்க. அவுக கூப்பிட்டா வருவாய்ங்கப்பா" என்றார். உன்னை அவர் இப்போதும் "அவுக" என்றுதான் சொல்கிறார்.

அன்று சாயங்காலம் பாண்டிமீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேசட்டையும் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள், "குடுண்ணே. ஒளிச்சு வச்சு ஜெயிச்சா அந்தக் கேசட்டு என்னையத்தான் பயமுறுத்தும்" என்றாள். விசாரணை அதிகாரியிடம் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். இந்தக் குரலை முதலில் மைக்கில் போட்டது நான், என் அப்பாவை நான்தான் முதலில் கேலிப்பொருள் ஆக்கினேன், அதனால் அருள்பாண்டி மேடையில் செய்தது சரி ஆகிவிடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் வக்கீல் முதல் பாதியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். இனி எந்த மேடையிலும் அதைப் போடாதே. தேர்தலில் ஜெயி, தோற்றுப் போ, உன் இஷ்டம். மன்னிப்பு அறிக்கை எல்லாம் எனக்கு வேண்டாம். உனக்கு வேறு ஆயிரம் வித்தை தெரியும். பதினேழு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய வாய் அது. தெரியாத ஊரில் அம்மாவைத் தொலைத்துவிட்டுக் கதறிய குழந்தைகள் உன் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதை நினைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறேன்.

விக்ரம்


கோச்சடை
17 நவம்பர் 2025

விக்ரம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதக் கூச்சமாக இருந்தது. வக்கீல் நீ சொன்னபடியே முதல் பாதியைப் படித்துச் சந்தோஷப்பட்டார். மனு இன்னும் இருக்கிறது, ஆனால் சுரத்து இல்லை. போன வாரம் என் பெயரை அறிவித்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்லாதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பரவையில் முதல் கூட்டம். உனக்குக் கொடுக்காத வாக்கை நான் எனக்குக் கொடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். அந்தக் குரலைத் தொடுவதில்லை என்று ரோகிணி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். கண்மாய், பிளாட் போட்டு விற்ற வயல், பிள்ளைகளுக்கு வேலை இல்லாதது என்று உண்மையான விஷயங்களைப் பேசினேன். நன்றாகவே பேசினேன், நீ கேட்டிருந்தால் ஒத்துக்கொள்வாய். நடுவில் நம் கபடிப் பட்டப்பெயர்களைக்கூட எடுத்துவிட்டேன். வயசான ஆட்கள் நாலு பேர் சிரித்தார்கள்.

முன்வரிசையில் எவனோ "அண்ணே, அய்யாவோ போடுங்கண்ணே" என்றான். கேட்காத மாதிரி இருந்தேன். பின்னாலிருந்து இன்னொருவன் கேட்டான். கொஞ்ச நேரத்தில் கூட்டமே கேட்டது. நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவர்களே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆயிரம் பேர் இருக்கும், விக்ரம். ஆயிரம் பேரும் உன் அப்பாவின் குரலில் கூப்பிட்டார்கள். இருமல்கூடச் சரியான இடத்தில் வந்தது. மேடையில் இருந்த பெரிய ஆட்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினோம். முப்பது, நாற்பது பைக் எனக்கு முன்னால் போனது. மெயின் ரோட்டில் திரும்பாமல் நம் ஊர்ப் பாதையில் திரும்பியபோதுதான் எங்கே போகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. டிரைவரிடம் விரட்டச் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் காலனித் தெருமுக்கில் பைக்குகளை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், எல்லாப் பயல்களும் சேர்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடுகளில் கதவுகள் சாத்திக்கொண்டிருந்தன. உன் தங்கை கையில் போனை வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. அவளைத் தாண்டி உன் அப்பா தெருவுக்கு இறங்கி வந்துவிட்டார். முக்கைப் பார்த்தபடி நின்றார்.

நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன். "நிறுத்துங்கடா, போங்கடா இங்கிருந்து" என்று கத்தினேன். மைக் இல்லாமல் என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. முன்னால் இருந்த ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கத்தி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் நேரிலேயே வந்து போட்டுக்காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "நிறுத்துங்கடா, போங்கடா" என்பதையும் சேர்த்து இப்போது கூப்பிட ஆரம்பித்தார்கள். கைதட்டி, ஹாரன் அடித்து, சந்தோஷமாகத்தான் கிளம்பிப் போனார்கள். யாருக்கும் அடி படவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பாண்டிமீனா போலீஸுக்குப் போன் செய்துவிட்டது. நல்ல காரியம். விசாரணைக்கு வந்தால் நடந்ததை நடந்தபடி நானும் சொல்லப்போகிறேன், கட்சி என்ன சொன்னாலும் சரி.

பைக் எல்லாம் போன பிறகு உங்கள் தெருவில் நானும் உன் அப்பாவும்தான் நின்றோம். ஐம்பதடி தூரம் இருக்கும். கிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கத்தியது நிஜம் என்று அவருக்காவது தெரிந்ததா, இல்லை அவரும் அதை என் வித்தை என்றுதான் எடுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. இருபது வருடமாகக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான், அந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. உன் அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுது.

அருள்பாண்டி